முத்துச் சலாபக் கரையில் பிறந்த அங்கதம்

ஆங்கிலப் புனைகதையில் அங்கதம் அரசியல் விமர்சனமாக வளர்ந்த வரலாற்றில் இலங்கையின் வடமேற்குக் கரைக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது லெனார்ட் வுல்ஃப் எழுதிய ‘முத்துகளும் பன்றிகளும்’ என்ற சிறுகதை. 1921இல் இலண்டனில் ஹோகார்த் அச்சகம் முந்நூறு பிரதிகளே அச்சிட்ட ‘கிழக்கின் கதைகள்’ என்னும் சிறு நூலில் அது வெளியானது. கதை இந்தியாவில் நடப்பதாகச் சொல்லப்பட்டாலும் வுல்ஃப் மனத்தில் வைத்து எழுதிய இடம் மரிச்சுக்கட்டி. மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள அந்த ஊரிலிருந்து மோதரகம் ஆற்றைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடும். குதிரைமலை முனையும் பொம்பரிப்பும் அதற்குத் தெற்கே கிடக்கின்றன. முத்துச் சிப்பி விளைந்த கடலடித் திட்டுகளான பார்கள் மன்னார்க் கடலிலிருந்து சிலாபத்துக்கு அப்பாலுள்ள கடல் வரை பரந்திருந்தன. இரு மாவட்டக் கரைகளுக்கும் பொதுவான இக்கதை இந்தக் கரைகளிலேயே உரிய அளவு பேசப்படாமல் இருப்பது ஒரு குறை.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. குற்றத்தை நேரே சொல்லித் தாக்குவது செம்பொருள் அங்கதம். வசையை உள்ளே மறைத்து, புகழ்வது போலவோ வேறொன்றைப் பேசுவது போலவோ தாக்குவது பழிகரப்பு அங்கதம். புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலச் சாலையைப் பார்த்துப் பாடிய பாடல் இரண்டாவது வகைக்கு என்றென்றைக்குமான சான்று. தொண்டைமானின் வேல்கள் மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளக்கின்றன; ஔவையாரின் புரவலனான அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பாட்டில் இகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் போரே காணாத அரசன் யார் என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தின் செவ்வியல் நாவலாசிரியர்கள் பெரும்பாலும் கைக்கொண்டதும் இந்த இரண்டாவது வழியைத்தான்.

ஜோனதன் ஸ்விஃப்டின் ‘கலிவரின் பயணங்கள்’ 1726இல் வெளிவந்தது. பள்ளிப் புத்தகங்களில் அது சித்திரக்குள்ளர் கதையாகச் சுருங்கிவிட்டது. நான்கு பாகங்களில் முதல் பாகத்தோடு நின்றுவிடும் வாசகரே அதிகம். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக லில்லிபுட் நாட்டார் போர் புரிவது சமயப் பிளவுகளைப் பற்றியது. செருப்பின் குதி உயரத்தை வைத்து அரசவைக் கட்சிகள் பிரிவது அன்றைய இங்கிலாந்தின் இரு கட்சிகளைப் பற்றியது. குடியேற்ற ஆட்சியில் வாழ்ந்த மக்களுக்கு இவற்றைவிட முக்கியமானது நூலின் கடைசி அத்தியாயம். புதிதாகக் கண்ட நாடுகளை ஏன் அரசருக்கு அறிவிக்கவில்லை என்று கலிவர் அங்கே காரணம் சொல்கிறான். புயலில் திசை தவறிய கொள்ளைக் கூட்டமொன்று ஒரு கரையில் ஏறுகிறது; அங்குள்ள மக்கள் அவர்களை உபசரிக்கிறார்கள்; வந்தவர்களோ நாட்டுக்குப் புதுப் பெயர் சூட்டி, அரசரின் பெயரால் அதைக் கைப்பற்றி, சிலரைக் கொன்று, ஓரிருவரை மாதிரிக்குப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பி மன்னிப்பும் பெறுகிறார்கள். குடியேற்ற நாடு பிறக்கும் முறையை இப்படி வர்ணித்துவிட்டு, இவையெல்லாம் பிரித்தானியருக்குப் பொருந்தா என்று கலிவர் பணிவோடு சேர்த்துக்கொள்கிறான். ஸ்விஃப்ட் அயர்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் பொருளாதாரப் பிடியில் டப்ளின் நகரம் வாடியதை நேரில் கண்டவர். அந்தப் பணிவான மறுப்பில் இருக்கும் கோபம் கடன் வாங்கிய கோபமன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரரசு விரிந்தபோது அங்கதத்துக்குப் புதிய பாத்திரம் ஒன்று கிடைத்தது. அது கீழைத்தேயத்தில் பணிபுரிந்த ஆங்கில உத்தியோகத்தர். தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபெயர்’ நாவலில் (1847–48) வரும் ஜோஸ் செட்லி வங்காளத்தில் ஒரு மாவட்டத்தின் கலெக்டர். தின்பதிலும் உடுப்பதிலும் காலம் கழிக்கும் அந்தப் பருத்த மனிதர் வாட்டர்லூப் போரின் வெடியோசை கேட்டதும் பிரசல்ஸ் நகரிலிருந்து ஓடிவிடுகிறார். பிறகு கல்கத்தா திரும்பி, போர்க்களத்தில் நின்றவர் போலப் பெருமை பேசுகிறார். இலட்சக்கணக்கான மக்களின் நிலவரியைத் தீர்மானிக்கும் கை எத்தகைய மனிதருடையது என்பதைத் தாக்கரே வெளிப்படையாகச் சொல்லவில்லை. வாசகர் கண்டுகொள்கிறார்.

டிக்கன்ஸின் குறி இன்னும் நேரானது. ‘லிட்டில் டாரிட்’ (1855–57) நாவலில் அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தைப் படைத்தார். எந்தக் காரியத்தையும் நடக்கவிடாமல் சுற்றிவிடுவதே அதன் தொழில். அதை ஆளும் குடும்பத்துக்குக் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும் கடலுயிரினத்தின் பெயரை வைத்தார். கிரிமியப் போரில் நிர்வாகச் சீர்கேட்டால் போர்வீரர் மடிந்துகொண்டிருந்த காலம் அது. செல்வாக்கால் பதவி வழங்கும் முறையை ஒழித்துப் பரீட்சை மூலம் ஆட்களை எடுக்க வேண்டும் என்று 1854இல் ஓர் அறிக்கை பரிந்துரைத்திருந்தது. நாவல் ஒன்றால் மட்டும் சிவில் சேவை திருந்திவிடவில்லை. ஆனால் அந்தச் சீர்திருத்தம் ஏன் தேவை என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்தியதில் டிக்கன்ஸுக்குப் பெரும் பங்குண்டு. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே பரீட்சை முறைதான் ஓர் அங்கதக்காரரை இலங்கைக்கு அனுப்பியது.

லெனார்ட் வுல்ஃப் 1880இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1904இல் சிவில் சேவைப் பரீட்சை எழுதினார். உள்நாட்டுப் பதவி பெறுமளவுக்கு அவர் பெயர் பட்டியலில் மேலே வரவில்லை. எனவே இலங்கைக்கு வந்தார். வரும்போது ஒரு நாயும் வோல்ட்டேர் நூற்றொகுதியின் தொண்ணூறு பாகங்களும் கூடவே வந்தன. ஐரோப்பாவின் பெரிய அங்கதக்காரர் ஒருவரின் எழுத்து முழுவதும் யாழ்ப்பாணக் கச்சேரியின் இளம் உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டில் இருந்தது என்பது அவருடைய பின்னாளைய எழுத்தைப் புரிந்துகொள்ள உதவும் செய்தி. யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்றார். 1906இன் தொடக்கத்தில் முத்துச் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பின் பணிக்காக மரிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார். பிறகு கண்டி, அதன்பின் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர் 1912இல் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில் எழுத்தாளர் வர்ஜீனியாவை மணந்தார். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமம் ஒன்றை வைத்து எழுதிய நாவல் 1913இல் வெளிவந்தது.

அவர் பார்த்த சலாபம் எத்தகையது என்பதை அறியாமல் கதையை முழுதாக அறிய முடியாது. சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து கிடைக்கும். பின்பு பத்து ஆண்டுகள் கூட ஒன்றுமிருக்காது. 1891க்குப் பின் சலாபம் நடக்காததால், காரணம் அறிய லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை அரசு 1902இல் அழைத்து ஆய்வு செய்வித்தது. 1903இல் சலாபம் மீண்டும் தொடங்கியது. 1905இல் சுமார் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த வருமானத்தைக் கண்டு, ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் குத்தகைக்கு இருபது ஆண்டுகள் முத்துப் பார்களை எடுத்துக்கொண்டது இலண்டன் கம்பெனி ஒன்று. குத்தகை தொடங்கியது 1906இல். 1907க்குப் பின் சிப்பி அற்றுப்போய், அடுத்த சலாபம் 1925இல்தான் நடந்தது. கம்பெனியோ அதற்கு வெகுமுன்பே கலைந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்ததும் வெறும் மணற்கரையில் ஒரு நகரம் எழும்பும். ஓலைக் குடிசைகள், கடைத்தெரு, பொலிஸ், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லாம் ஓரிரு மாதங்களுக்கு மட்டும். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகள், கீழக்கரை, தூத்துக்குடி, இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து முஸ்லிம்களும் தமிழரும், நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பம்பாய் வணிகர் என ஆயிரக்கணக்கில் மக்கள் கூடுவர். குளிகாரர் காலில் கல்லைக் கட்டி மூழ்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவர். மேலே கயிறு பிடித்தவர் இழுத்தெடுப்பார். பிற்பகலில் படகுகள் கரைக்கு வந்ததும் சிப்பிகள் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்குள் மூன்று கூறாகப் பிரிக்கப்படும். இரண்டு கூறு ஆட்சியாளருக்கு, ஒன்று குளித்தவருக்கு. பின் சிப்பிகள் வெயிலில் அழுகவிடப்படும். அந்த நாற்றமும் ஈக்களும் பல மைல் தூரத்துக்கு எட்டும். கொட்டைக் கண்காணிப்பதே வுல்ஃபின் வேலை. சுறாவை மந்திரத்தால் கட்டுபவர் இல்லாமல் குளிகாரர் கடலில் இறங்க மறுத்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மந்திரக்காரருக்கும் பிரித்தானிய அரசே கூலி கொடுத்தது. மூடநம்பிக்கையை அகற்ற வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஆட்சி, வருமானம் வேண்டி அதைச் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஐரோப்பியக் கற்பனை இந்தக் கரையை நெடுங்காலம் வேறு விதமாகப் பார்த்தது. பிஸே 1863இல் இசையமைத்த ஒப்பெரா இலங்கை முத்துக்குளிப்போரைக் காதல் நாடகத்தின் பாத்திரங்களாக்கியது. 1870இல் முடிந்த ஜூல் வேர்னின் கடலடி நாவலில் கேப்டன் நீமோ இங்குள்ள குளிகாரர் ஒருவரைச் சுறாவிடமிருந்து காத்து, முத்துப் பை ஒன்றைக் கொடுக்கிறார். கீட்ஸ் மட்டும், 1820இல் வெளியான ‘இசபெல்லா’ என்ற கவிதையில், இத்தாலியப் பணக்காரச் சகோதரர் இருவரின் செல்வம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, அவர்களுக்காக மூச்சடக்கிய இலங்கைக் குளிகாரரைக் காட்டினார். அவர் இக்கரையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கண்டவர் பலரைவிடச் சரியாகப் பார்த்தார்.

வுல்ஃப் கண்ணால் கண்டு எழுதினார். கதை தொடங்குவது இங்கிலாந்தின் தென்கரையில், டார்க்கி நகர விடுதி ஒன்றின் புகைபிடிக்கும் அறையில். பங்குத் தரகர் ஒருவரும் பாதிரியார் ஒருவரும் இந்தியாவை எப்படி ஆள வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். உறுதியான கை வேண்டும் என்கிறார் தரகர். உயர்ந்த இலட்சியமும் சமயமும் வேண்டும் என்கிறார் பாதிரியார். இருவரும் கிழக்கை மிதித்தவரல்லர். நெடுங்காலம் இந்தியாவில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஆணையாளர் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தம்மிடம் கருத்துகள் இல்லை, நடந்தவை மட்டுமே உண்டு என்று சொல்லி, தாம் நடத்திய ஒரு சலாபத்தின் கதையைத் தொடங்குகிறார்.

அவருக்கு உதவியாக இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்தவன் ராப்ஸன் என்ற இளைஞன். எல்லாவற்றையும் நவீன முறையில் திருத்திவிட வேண்டும் என்ற துடிப்பு அவனுக்கு. சலாபத்தில் பணம் பார்க்க வந்து, குடியால் சீரழிந்த வெள்ளையன் இன்னொருவன். அவன் பெயரே ஒயிட். ஒருநாள் இரவு குடிவெறியின் உச்சத்தில் அவனுக்குச் சித்தம் கலங்குகிறது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளாதபடி இருவரும் அவனைக் கயிற்றால் கட்டுகிறார்கள். கட்டுண்டபடியே அவன் தன் வாழ்நாளில் கிழக்கில் செய்த மோசடிகளையும் கொடுமைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அலறிச் சொல்கிறான். குடிசையைச் சுற்றிக் குளிகாரர்கள் மௌனமாக அமர்ந்து கேட்கிறார்கள். சீர்திருத்தம் பேசிய ராப்ஸன் நிலைகுலைந்துபோகிறான். அதே வேளை கடலில் இறந்த அரபுக் குளிகாரர் ஒருவரின் உடலைப் படகு கரைக்குக் கொண்டுவருகிறது. சகோதரர் அழுகிறார், தோழர்கள் சூழ்ந்து நின்று ஆறுதல் சொல்கிறார்கள், உடலை முறைப்படி அடக்கம் செய்யக் கொண்டுபோகிறார்கள். ஒயிட்டும் இறந்துபோகிறான்.

கதையின் வலிமை இந்த இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்ததில் இருக்கிறது. யார் நாகரிகமுள்ளவர், யார் ஆளத் தகுந்தவர் என்ற கேள்வியை ஆணையாளர் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. கதை முடிந்ததும் பாதிரியார், இது வழக்கமாக நடப்பதன்று, விதிவிலக்கான சம்பவம் என்று சமாளிக்கிறார். ஆணையாளர் மறுமொழியாகச் சொல்வது ஒரு தமிழ்ப் பழமொழியை: பானைக்குள் தலையை விட்ட பூனை எங்கும் இருட்டென்று எண்ணிக்கொள்ளும் என்பது அதன் பொருள். ஆங்கிலப் பேரரசைப் பற்றிய ஆங்கிலக் கதைக்குத் தமிழ் மக்களின் வாய்மொழி முடிவுரையாக அமைந்திருக்கிறது. மத்தேயு நற்செய்தியிலிருந்து எடுத்த தலைப்பும் பழிகரப்புத்தான். பன்றிகள் யார் என்று கதை எங்கும் சொல்லவில்லை.

இதே நூலிலுள்ள ‘இரண்டு பிராமணர்’ என்ற கதை யாழ்ப்பாணத்தில் நடக்கிறது. களப்போரம் அமர்ந்து மீனவர் வலை வீசுவதைப் பார்த்து மயங்கிய செல்லையா, தானும் வலை வீசக் கற்றுக்கொள்கிறார். கூலி மிச்சப்படுத்த எண்ணிய சிற்றம்பலம், கிணறு வெட்டிய மண்ணைத் தானே தலையில் சுமக்கிறார். இரண்டும் சாதி வழுவாகிவிடுகின்றன. பகை தலைமுறைகளைத் தாண்டி நீள்கிறது. பின்னாளில் இரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட திருமணப் பேச்சு, சீதனப் பேரத்தில் பழைய ஏச்சாக வெடித்து நின்றுபோகிறது. ‘முத்துகளும் பன்றிகளும்’ கதையின் ஆழம் இதற்கு இல்லை. ஆளப்பட்டவரின் குறையை ஆண்டவர் எடுத்துச் சொல்லும்போது வாசகருக்கு எழும் ஐயமும் நியாயமானதே. ஆனாலும் கதை சரியான இடத்தைத் தொடுகிறது. வலை வீசுவதும் மண் சுமப்பதும் நேர்மையான உழைப்பு. அதைத் தீட்டாக்கிய சமூகத்தைத்தான் கதை நகைக்கிறது. புத்தளம் மாவட்டத்தில் கரைவலையால் வாழும் உடப்புக்கும் கற்பிட்டிக்கும் இது அந்நியமான பொருளன்று.

வுல்ஃபின் விமர்சனம் கதையோடு நிற்கவில்லை. 1915ஆம் ஆண்டுச் சிங்கள–முஸ்லிம் கலவரத்தையும் இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த கொடுமைகளையும் விசாரிக்கக் கோரி ஈ. டபிள்யூ. பெரேராவும் டி. பி. ஜயதிலகவும் இலண்டன் சென்றபோது அவர்களுக்குத் துணைநின்றார். 1920இல் ஆப்பிரிக்காவில் பேரரசுகளின் வணிக நோக்கத்தை ஆராய்ந்து பெரிய நூலொன்றை எழுதினார். 1938இல் தொழிற்கட்சிக்கு அவர் அளித்த குறிப்பு, இலங்கையின் சிறுபான்மையினரைக் காக்க சுவிற்சர்லாந்தைப் போன்ற கூட்டாட்சி முறையைப் பரிசீலிக்கச் சொன்னது. சுதந்திரத்துக்குப் பத்தாண்டு முன்பு சொல்லப்பட்ட அந்த யோசனை கவனிக்கப்படாமல் போனதன் விலையை வடக்கும் கிழக்கும் மட்டுமல்ல, புத்தளமும் கொடுத்தது.

பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்து பதவி துறந்த ஜோர்ஜ் ஓர்வெல் 1934இல் ‘பர்மிய நாட்கள்’ நாவலையும் 1945இல் ‘விலங்குப் பண்ணை’யையும் எழுதினார். பேரரசின் ஊழியராயிருந்து அதன் விமர்சகராக மாறிய இந்த வரிசையில் வுல்ஃப் அவருக்கு முன்னோடி. இருவருக்கும் பொதுவான தகுதி ஒன்றுண்டு. தாங்கள் தாக்கிய இயந்திரத்தை இயக்கியவர்கள் அவர்கள். அதன் ஒலி அவர்களுக்குத் தெரியும்.

அதே தகுதிதான் வுல்ஃபின் எல்லையும். சலாபத்திலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், குளிகாரரைக் கைத்தடியால் அடித்து ஒழுங்குபடுத்தியதை அவர் குறிப்பிட்டிருக்கிறார். கதையில் அந்தத் தடி இல்லை. அரபுக் குளிகாரரின் மரணத்துக்குக் கம்பீரம் கொடுத்தவர், அவருக்கோ அங்கிருந்த தமிழர், முஸ்லிம்களுக்கோ வெள்ளையர் ஆட்சி பற்றிச் சொல்ல ஒரு வரியும் கொடுக்கவில்லை. அவர்கள் சுற்றி அமர்ந்து பார்க்கிறார்கள். தீர்ப்பைச் சொல்வது ஓய்வுபெற்ற ஆணையாளரே. மூன்றில் ஒரு பங்குக்காக மூச்சடக்கியவர்கள் மாலையில் தங்களுக்குள் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பதை அவர் அறிந்திருக்க முடியாது. அதைத் தேட வேண்டிய இடம் வாய்மொழி மரபு. உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் உழைப்பின் சலிப்போடு கேலியும் கலந்து வரும். சலாபம் பற்றிய நினைவுகளும் இந்தக் கரைக் குடும்பங்களில் தேடப்பட வேண்டியவை.

அந்தத் தேடலுக்கு ஒரு தடையும் ஒரு வாய்ப்பும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது மரிச்சுக்கட்டி உள்ளிட்ட முசலிப் பகுதி மக்களும் ஊரை இழந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்து, பல ஆண்டுகள் முகாம்களில் வாழ்ந்தார்கள். போருக்குப் பின் சிலர் திரும்பினார்கள். பலர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தங்கிவிட்டார்கள். வுல்ஃப் எழுதிய கரையின் நினைவு இன்று புத்தளம் களப்பின் ஓரங்களில் சிதறிக் கிடக்கிறது. முதியவர்கள் இருக்கும்போதே அதைப் பதிவுசெய்ய வேண்டும். வுல்ஃபின் இரண்டு கதைகளையும் குறிப்புரையோடு தமிழில் பதிப்பித்து, புத்தளம் மாவட்டத்து உயர்தர மாணவர்களின் கைக்குக் கொடுக்கவும் வேண்டும். பாரும் கொட்டும் சலாபமும் ஆங்கில வாசகருக்கு விளக்கம் தேவைப்படும் சொற்கள். முசலியிலோ கற்பிட்டியிலோ வளர்ந்த மொழிபெயர்ப்பாளருக்கு அவை ஊர்ப்பேச்சு. ஆணையாளர் சொன்ன பழமொழியின் இக்கரை வடிவத்தையும் அவரே சரியாகக் கண்டெடுப்பார்.